மூளை ஏற்பிக்கு மருந்து வடிவமைக்க எந்த வழி: துணைவகையா, அலோஸ்டெரிக்கா, பகுதி அகோனிஸ்டா, இடம் பிரிப்பதா?

மருந்து வேதியியலில் ஆராய்ச்சி தொடங்கியிருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: மனச்சிதைவுக்கு எம்4 ஏற்பியை (நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளும் வேதிப்பொருளான நரம்புக்கடத்தியைப் பிடிக்கும் புரதம்தான் ஏற்பி; எம்1 முதல் எம்5 வரை அசிடைல்கோலினைப் பிடிக்கும் மஸ்கரினிக் ஏற்பியின் துணைவகைகள்) மட்டும் தொடும் மூலக்கூறில் இறங்கலாமா, எம்1-ஐயும் சேர்த்துத் தொடலாமா, வழிகாட்டி ஒன்று சொல்கிறார், படிக்கிற கட்டுரை வேறொன்று சொல்கிறது. இன்னொருவர் மார்ஃபின் வேலை செய்யும் ஓபியாய்டு ஏற்பியில் பயஸ்டு அகோனிஸ்ட் (அகோனிஸ்ட் என்றால் ஏற்பியைத் தூண்டும் மூலக்கூறு; பயஸ்டு என்றால் ஏற்பியிலிருந்து கிளம்பும் பாதைகளில் ஒன்றை மட்டும் திறப்பது) செய்ய இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாமவருக்குப் பதற்றத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் ஆளைத் தூங்க வைக்கக் கூடாது, அதற்கு எங்கே தொடங்குவது என்று குழப்பம்.

மூவருக்கும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். நீங்கள் ஒழிக்க நினைக்கும் பக்கவிளைவு எங்கிருந்து வருகிறது? இதற்குப் பதில் தெரியாமல் தேர்வுத்திறனை, அதாவது வேண்டிய ஏற்பியை மட்டும் தொடும் குணத்தை, கூட்டிக்கொண்டே போனால் ஐந்து வருடம் கழித்து மிக அழகான, மிகச் சுத்தமான, யாருக்கும் பயன்படாத ஒரு மூலக்கூறு கையில் இருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

பக்கவிளைவு மூன்று வழியில் வரும். முதலாவது, மருந்து தொடக் கூடாத வேறொரு ஏற்பியைத் தொடுவது. பசியைக் குறைக்கக் கொடுத்த ஃபென்ஃப்ளூரமின், உடலுக்குள் நார்ஃபென்ஃப்ளூரமினாக மாறி, இதய வால்வில் இருக்கும் 5-எச்டி2பி என்ற செரடோனின் ஏற்பியைத் தூண்டி வால்வைத் தடிக்க வைத்தது. 1997-ல் எடை குறைப்பு மருந்தாக அதன் கதை முடிந்தது.

இரண்டாவது, ஏற்பி சரிதான், ஆனால் அதே ஏற்பியோ அதன் உடன்பிறப்போ உடம்பில் வேறு இடத்திலும் இருக்கிறது. மூளையில் வேலை செய்யவேண்டிய மஸ்கரினிக் மருந்து குடலையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் சேர்த்து முடுக்கிவிடும்.

மூன்றாவது, ஏற்பியும் சரி, இடமும் சரி, அளவு மட்டும் மீறிவிட்டது. மனச்சிதைவு மருந்துகளில் இது வெளிப்படையாகத் தெரியும். டோபமைன் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதத்தை அடைத்தால் பலன் கிடைக்கத் தொடங்குகிறது, 80 சதவீதத்தை நெருங்கும்போது கைகால் இறுகுகிறது, நடுக்கம் வருகிறது. ஏற்பிகள் எவ்வளவு நிரம்பின என்று மூளையைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் காட்டிக்கொடுத்த ஜன்னல் இது, மிகவும் குறுகலானது.

இந்த மூன்றில் முதலாவதற்கும், இரண்டாவதில் உடன்பிறப்பால் வரும் தொல்லைக்கும் மட்டும்தான் தேர்வுத்திறன் நேரடியான மருந்து. ரிமோனபன்ட்டை நினைத்துப் பாருங்கள். கன்னாபினாய்டு சிபி1 ஏற்பியை நன்றாகத் தேர்ந்து பிடிக்கும் மூலக்கூறு, எடை குறைக்க 2006-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது, 2008-ல் நிறுத்தப்பட்டது. காரணம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணங்களும். அங்கே தவறான ஏற்பி என்று ஒன்றும் இல்லை. சிபி1-ஐ மூளையில் அடைத்தால் நடப்பதே அதுதான்.

இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை: உடன்பிறப்பு ஏற்பிகளுக்குள் பிணைப்புக் குழி எவ்வளவு வேறுபடுகிறது, எலியில் கண்டது மனிதரிடம் நிற்குமா, பலனுக்கே ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்பி தேவைப்படுகிறதா, அப்புறம் வேதியியல் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும்.

## வழி 1: ஒரே துணைவகையைக் குறிவைப்பது

நரம்புக்கடத்தி உட்காரும் அதே குழியில், உடன்பிறப்புகளை விட்டுவிட்டு ஒன்றில் மட்டும் உட்காரும் மூலக்கூறு. எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி.

நன்றாக வேலை செய்த உதாரணம் ஒற்றைத் தலைவலி மருந்துகளில் இருக்கிறது. சுமாட்ரிப்டான் 5-எச்டி1பி, 5-எச்டி1டி இரண்டையும் தூண்டுகிறது. 1பி ரத்தக்குழாயைச் சுருக்குவதால் இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்க முடியாது. 2019-ல் அனுமதி பெற்ற லாஸ்மிடிடான் 5-எச்டி1எஃப்-ஐக் குறிவைத்தது, குழாய்ச் சுருக்கம் இல்லை. ஆனால் அது மூளைக்குள் நன்றாகப் போகிறது, தலை சுற்றும், அசதி வரும், மருந்தைச் சாப்பிட்டபின் 8 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. ஒரு பக்கவிளைவு போய் இன்னொன்று வந்தது. இருந்தாலும் இதய நோயாளிக்கு இது பெரிய வித்தியாசம், அதனால் இதை வெற்றி என்றுதான் சொல்வேன்.

இந்த வழியின் மறைமுகச் செலவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். உங்கள் மூலக்கூறு இலக்கு ஏற்பியில் 1 நானோமோலார், வேண்டாத ஏற்பியில் 100 நானோமோலார் பிணைப்பு மாறிலி (எண் சிறிதானால் பிடிப்பு இறுக்கம்) காட்டுகிறது என்று வையுங்கள். நூறு மடங்கு தேர்வுத்திறன், ஸ்லைடில் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மூளையில் எதிலும் ஒட்டாமல் இருக்கும் மருந்து 10 நானோமோலார் இருந்தால் இலக்கில் சுமார் 91 சதவீதம் நிரம்பும், மற்றதில் 9. நல்லது. நோயாளிக்கு அது போதவில்லை என்று மருந்தளவை ஏற்றி 100 நானோமோலாருக்குக் கொண்டுபோனால் இலக்கு 99-க்குப் போகிறது, வேண்டாத ஏற்பியோ 50 சதவீதத்துக்குத் தாவுகிறது. எட்டு சதவீத லாபத்துக்கு நாற்பத்தொன்று விலை. தேர்வுத்திறன் மூலக்கூறின் நிலையான குணம் இல்லை, மருந்தளவோடு சேர்ந்தே உயிர்வாழ்வது. அதனால் "எத்தனை மடங்கு" என்று கேட்பதைவிட "எந்தச் செறிவில்" என்று கேளுங்கள்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் அடி விழும். ஃபென்ஃப்ளூரமின் பாடத்தைப் படித்து, 2பி-ஐத் தவிர்த்து 5-எச்டி2சி-ஐக் குறிவைத்துச் செய்த லோர்காசெரின் 2012-ல் வந்தது. வால்வுப் பயத்துக்கு நல்ல பதில்தான். நீண்டநாள் ஆய்வில் புற்றுநோய் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்ததால் 2020-ல் சந்தையை விட்டுப் போனது.

இன்னொரு பக்கம் க்ளோசபின் நிற்கிறது. டோபமைன், செரடோனின், ஹிஸ்டமின், மஸ்கரினிக், அட்ரினர்ஜிக் என்று கண்ணில் பட்ட ஏற்பியை எல்லாம் பிடிக்கும். எடை ஏறும், உமிழ்நீர் வழியும், வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டும். ஆனாலும் மற்ற மருந்துகள் கைவிட்ட மனச்சிதைவு நோயாளிக்கு அதை மிஞ்ச இன்னும் ஒன்று வரவில்லை. பலனே பல ஏற்பிகளின் கூட்டு வேலையாக இருந்தால் ஒற்றைத் துணைவகை வழி உங்களைக் காப்பாற்றாது.

## வழி 2: அலோஸ்டெரிக்

நரம்புக்கடத்தியின் குழியை விட்டுவிட்டு ஏற்பியின் வேறொரு மடிப்பில் உட்கார்ந்து, நரம்புக்கடத்தி செய்யும் வேலையைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இதில் இரண்டு லாபம். அசிடைல்கோலின் குழி ஐந்து மஸ்கரினிக் துணைவகைகளிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வெளி மடிப்புகள் அப்படியில்லை, அதனால் ஒன்றைப் பிரித்தெடுக்க முடிகிறது. அப்புறம், மருந்து தானாக ஏற்பியைத் திறப்பதில்லை, மூளை சமிக்ஞை அனுப்பும்போதுதான் வேலை செய்கிறது, அதனால் இயல்பாகவே ஓர் உச்சவரம்பு இருக்கிறது. பழைய தூக்க மருந்துகளான பார்பிட்யூரேட்டுகள், காபா என்ற அமைதிப்படுத்தும் நரம்புக்கடத்தி திறக்கவேண்டிய காபா-ஏ ஏற்பியின் கால்வாயை அதிக அளவில் தாமே திறந்துவிடும், மூச்சு நிற்கும். டையசெபம் போன்ற பென்சோடையசெபின்கள் காபா இருந்தால்தான் வேலை செய்யும், தனியாக எடுத்துக்கொண்டால் உயிரைப் பறிப்பது அரிது.

பதற்றத்தைப் பற்றிக் கேட்டவருக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1999-ல் ஒரு எலி வந்தது. காபா-ஏ ஏற்பியின் ஆல்ஃபா-1 துணையலகில் 101-ஆம் இடத்தில் இருந்த ஹிஸ்டிடினை ஆர்ஜினினாக மாற்றியிருந்தார்கள். ஒரே ஒரு அமினோ அமிலம்தான். காபா வழக்கம்போல வேலை செய்யும், டையசெபம் மட்டும் அங்கே ஒட்டாது. அந்த எலிக்கு டையசெபம் கொடுத்தால் சாதாரண எலிபோல மந்தமாகி ஓரத்தில் ஒடுங்கவில்லை, ஆனால் பதற்றம் குறைந்தது. தூக்கம் ஆல்ஃபா-1 வழியாக வருகிறது என்று கண்முன்னே காட்டிய எலி அது. மறுவருடமே பதற்றக் குறைப்பு ஆல்ஃபா-2 வழி என்று இன்னோர் எலி காட்டியது. இதைவிடத் தெளிவான வரைபடம் மூளை மருந்தியலில் யாருக்கும் கிடைத்ததில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வரைபடத்தை வைத்துச் செய்த எம்ஆர்கே-409 என்ற மூலக்கூறு, விலங்குகளில் ஏற்பிகளில் பெரும்பகுதியை நிரப்பியும் தூக்கம் தரவில்லை. மனிதரிடம் மிகச் சிறு பங்கு நிரம்பும்போதே மயக்கம் வந்தது. ஆல்ஃபா-1-ல் கொஞ்சம் விசை மிச்சம் இருந்தது, எலி பொறுத்துக்கொண்ட மிச்சத்தை மனித மூளை பொறுக்கவில்லை. அதன் கூட்டாளி டிபிஏ023 அந்தக் கண்டத்தைத் தாண்டியது, ஆனால் விலங்குகளின் நீண்டநாள் நச்சுச் சோதனையில் கண்புரை தெரிந்து நின்றுபோனது. கருத்து சரி, மூலக்கூறு விழுந்தது. அதனால்தான் இந்தத் துறை இன்னும் மூடப்படவில்லை.

மறைமுகச் செலவு வேதியியலில் அதிகம். மூலக்கூறுகள் கொழுப்பில் கரைபவையாகவே வருகின்றன, நீரில் கரைய வைப்பது பெரும்பாடு. ஒரு மெத்தில் தொகுதியை நகர்த்தினால் சில சமயம் ஏற்பியைக் கூட்டும் மூலக்கூறு குறைக்கும் மூலக்கூறாக மாறிவிடும், அதே மாற்றம் உடலின் நொதிகளாலும் நடக்கலாம் என்பதால் வளர்சிதைப் பொருட்களையும் விடாமல் சோதிக்கவேண்டும். வெளி மடிப்புகள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால் எலியில் கிடைத்த வலிமை மனித ஏற்பியில் கிடைக்காமல் போகும். எம்1-ல் கூட்டும் மூலக்கூறு தானாகவும் தூண்ட ஆரம்பித்தால் விலங்குகளில் வலிப்பு வந்ததும் உண்டு.

## வழி 3: விசையைக் குறைப்பது, திசையைத் திருப்புவது

பகுதி அகோனிஸ்ட் ஏற்பியில் முழுதாக உட்காரும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். டோபமைன் மிகுதியாக இருக்கும் இடத்தில் அதன் இடத்தைப் பிடித்துச் சத்தத்தைக் குறைக்கும், குறைவாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கொடுக்கும். 2002-ல் வந்த அரிபிப்ரசோல் இப்படித்தான் டி2-வின் அந்தக் குறுகிய ஜன்னலைச் சுற்றிப்போனது. ஏற்பிகளில் பெரும்பகுதி நிரம்பினாலும் உடல் இறுக்கம் குறைவு. ஆனால் உட்கார முடியாமல் தவிக்கும் அகத்தீசியா சிலருக்கு வந்துவிடுகிறது. புப்ரெனார்ஃபின் மூச்சுத் தளர்வில் ஓர் உச்சவரம்போடு நிற்பதும், புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் வரெனிக்லினும் இதே தத்துவம். மூன்றாம் வகைப் பக்கவிளைவுக்கு இதுவே என் முதல் தேர்வு, பெரிய சந்தேகம் இல்லை.

பயஸ்டு அகோனிஸ்ட் கதை வேறு. ஒரே ஏற்பியிலிருந்து ஜி-புரதப் பாதையும் பீட்டா-அரெஸ்டின் பாதையும் கிளம்புகின்றன, நல்லது ஒன்றிலும் கெட்டது இன்னொன்றிலும் இருந்தால் ஒன்றை மட்டும் திறக்கலாமே என்பது எண்ணம். பீட்டா-அரெஸ்டின்-2 இல்லாத எலிகளில் மார்ஃபினின் வலிநீக்கம் கூடியது என்று 1999-லும், மூச்சுத் தளர்வும் மலச்சிக்கலும் குறைந்தன என்று 2005-லும் வெளியானதும் துறையே அந்தப் பக்கம் திரும்பியது. அந்த எண்ணத்தில் செய்த ஒலிசெரிடின் வந்தது. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மறுத்தது, 2020-ல் மருத்துவமனையில் நரம்பு வழி கொடுக்க மட்டும் அனுமதித்தது, எச்சரிக்கைப் பெட்டியில் மூச்சுத் தளர்வும் அடிமையாதலும் மற்ற ஓபியாய்டுகளைப் போலவே இருந்தன. அதே 2020-ல் தனித்தனி ஆய்வகங்கள் அந்த எலிச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது, பீட்டா-அரெஸ்டின்-2 இல்லாமலும் மார்ஃபின் மூச்சைத் தளர்த்தியது. இந்த மருந்துகளில் கண்ட பாதுகாப்பு, திசை மாறியதால் வந்ததில்லை, விசை குறைவாக இருந்ததால் வந்தது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்துகிறது.

இதில் ஏமாறுவது எவ்வளவு எளிது என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தொடரில் எங்கள் மூலக்கூறு ஜி-புரதச் சோதனையில் முழு அகோனிஸ்ட், அரெஸ்டின் சோதனையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அழகான பயஸ் என்று வாரக்கணக்கில் நம்பினோம். பிறகு செல்லில் ஏற்பியின் எண்ணிக்கையைக் குறைத்து அதே சோதனையை ஓட்டியபோது ஜி-புரத வளைவு பாதியில் படுத்துவிட்டது. செல்லில் ஏற்பிகள் நிரம்பி வழிந்ததால் பலவீனமான மூலக்கூறும் உச்சத்தைத் தொட்டிருக்கிறது. ஜி-புரதச் சோதனை சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டும், அரெஸ்டின் சோதனை பெருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்களிடம் இருந்தது சாதாரணப் பகுதி அகோனிஸ்ட். பயஸ் என்று எழுதும் முன் ஏற்பி எண்ணிக்கையைக் குறைத்த செல்லில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

இதோடு சேர்த்து வேகத்தையும் சொல்லவேண்டும். மெமான்டினும் ஆய்வக மூலக்கூறான எம்கே-801-உம், குளுட்டமேட் என்ற நரம்புக்கடத்தி திறக்கும் என்எம்டிஏ கால்வாயில் ஒரே இடத்தில்தான் அடைக்கின்றன. எம்கே-801 உள்ளே மாட்டிக்கொண்டு கிளம்பாது, மனப்பிறழ்வு வரும். மெமான்டின் சட்டென்று விலகி இயல்பான சமிக்ஞைக்கு வழிவிடும், அல்சைமர் நோயாளிகள் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். எங்கே பிடிக்கிறது என்பதோடு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் அளந்தாலே இந்த வழியில் பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

## வழி 4: இடத்தைப் பிரிப்பது

மருந்தை மூளைக்குள் வேலை செய்யவிட்டு, உடம்பின் மற்ற இடங்களில் அதைத் தடுப்பது. வேதியியலாளர்கள் இதைக் கொஞ்சம் தாழ்வாகப் பார்ப்பார்கள். நோயாளிக்கு அதிகம் கொடுத்த வழி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சனோமெலின் பழைய மூலக்கூறு. ஐந்து மஸ்கரினிக் ஏற்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவு பிணையும், தூண்டும்போது மட்டும் எம்1, எம்4 பக்கம் சாயும். 1997-ல் 343 அல்சைமர் நோயாளிகளில் செய்த ஆய்வின் முடிவு வந்தபோது நினைவாற்றலைவிட ஆச்சரியமாக இருந்தது மாயத்தோற்றங்களும் சந்தேகமும் கூச்சலும் குறைந்தது. ஆனால் குமட்டல், வாந்தி, வியர்வை. உயர் மருந்தளவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மருந்தை விட்டுவிட்டார்கள். மருந்து அலமாரியில் தூங்கியது.

அதை எழுப்பியவர்கள் மூலக்கூறில் ஓர் அணுவைக்கூட மாற்றவில்லை. சிறுநீர்ப்பை மருந்தாக ஏற்கெனவே இருந்த டிராஸ்பியத்தைக் கூட வைத்தார்கள். அதில் நிரந்தர நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு நைட்ரஜன் இருப்பதால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. வெளியே குடலில் டிராஸ்பியம் ஏற்பியை அடைக்கும், உள்ளே மூளையில் சனோமெலின் தூண்டும். 2024 செப்டம்பரில் கோபென்ஃபி என்ற பெயரில் மனச்சிதைவுக்கு அனுமதி கிடைத்தது. டி2-ஐத் தொடாமல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்த புது வகை மருந்து.

அதே நேரத்தில் மறுபக்கத்தில் எம்ராக்லிடின் இருந்தது, எம்4-ஐ மட்டும் கூட்டும் அலோஸ்டெரிக், தேர்வுத்திறனில் சனோமெலினுக்கு எட்டாத உயரம், வயிற்றுத் தொல்லையும் குறைவு, துணை மருந்து வேண்டாம். எம்4 நீக்கிய எலிகளில் சனோமெலினின் விளைவு பெரும்பாலும் போய்விட்டதால் எம்4 மட்டும் போதும் என்று நம்ப நல்ல காரணமும் இருந்தது. சனோமெலின் வைத்திருந்த நிறுவனத்தை 1400 கோடி டாலருக்கும் எம்ராக்லிடின் வைத்திருந்ததை 870 கோடி டாலருக்கும் வாங்குவதாக 2023 டிசம்பரில் பெரிய நிறுவனங்கள் அறிவித்தன. 2024 நவம்பரில் வந்த இரண்டாம் கட்ட ஆய்வுகளில் எம்ராக்லிடின் போலி மருந்தைவிட மேலாகத் தெரியவில்லை. போலி மருந்துக் குழுவே நிறைய முன்னேறியது என்பதால் எம்4 செத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் குறைவாகத் தேர்ந்தெடுத்த மூலக்கூறுதான் இன்று நோயாளியின் கையில் இருக்கிறது.

செலவு இங்கேயும் உண்டு. இரண்டு மருந்தின் ஏற்ற இறக்கமும் ரத்தத்தில் ஒன்றோடொன்று பொருந்தி வரவேண்டும். டிராஸ்பியம் மலச்சிக்கலையும் சிறுநீர்த் தேக்கத்தையும் கூட்டி வருகிறது, குமட்டலும் முழுதாகப் போகவில்லை, இதயத் துடிப்பு கூடும். தினம் இருவேளை, உணவுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் பின்போ சாப்பிடவேண்டும். மனச்சிதைவோடு போராடும் ஒருவருக்கு, அவரைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு, இந்த நேரக் கணக்கு சின்ன விஷயம் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | மறைந்த செலவு | எப்போது வேண்டாம் |
|---|---|---|---|
| துணைவகை | கெடுதல் வேறு ஏற்பியிலிருந்து வரும்போது | மருந்தளவு ஏறினால் தேர்வுத்திறன் கரையும் | பலனுக்கே பல ஏற்பி தேவைப்பட்டால் |
| அலோஸ்டெரிக் | உடன்பிறப்புகளின் குழி ஒன்றுபோல இருந்தால் | கரைதிறன், இன வேறுபாடு, குணம் மாறும் வளர்சிதைப் பொருள் | நோயில் நரம்புக்கடத்தியே வற்றிவிட்டால் |
| பகுதி அகோனிஸ்ட் | அளவு மீறுவதுதான் சிக்கல் என்றால் | செல் சோதனை விசையை மிகைப்படுத்தும் | முழு விசை இல்லாமல் பலனில்லை என்றால் |
| இடம் பிரித்தல் | கெடுதல் மூளைக்கு வெளியே நடந்தால் | இரண்டாவது மருந்தின் பக்கவிளைவு | கெடுதலும் மூளைக்குள்ளேயே என்றால் |

## கேட்ட மூவருக்கும்

ஓபியாய்டு கேட்டவருக்கு: பயஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள். குறைந்த விசை, உச்சவரம்பு என்று திட்டத்தை எழுதுங்கள், பயஸ் கூடவே கிடைத்தால் கிடைக்கட்டும். மூச்சை நேரடியாக அளக்கும் சோதனையை முதல் வருடத்திலேயே வையுங்கள், கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

பதற்றம் கேட்டவருக்கு: ஆல்ஃபா-2, ஆல்ஃபா-3 அலோஸ்டெரிக்தான். ஆனால் ஆல்ஃபா-1-ல் விசை "குறைவு" என்று திருப்திப்படாமல் முழுப் பூஜ்யத்துக்கு உழைக்கவேண்டும், எலி தூங்கவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எம்4 கேட்டவருக்குப் பதில் சொல்லத்தான் நேரமெடுத்தது. உங்களுக்கு மூன்று வருடமும் ஒரு சின்னக் குழுவும்தான் என்றால் எம்4-க்கு மட்டும் புது அலோஸ்டெரிக் தேடுவதை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன், அங்கே பெரிய நிறுவனங்களின் தரவு வரும்வரை இருட்டு. எம்1, எம்4 இரண்டையும் தூண்டி, எம்2, எம்3-ஐ விட்டுவிடும் மூலக்கூறு கிடைத்தால் குடலின் தொல்லையில் பெரும்பங்கு துணை மருந்தில்லாமலே குறையலாம். குழிகள் ஒன்றுபோல இருப்பதால் கடினம்தான். ஆனால் அந்தக் குழிகளின் வடிவங்கள் இப்போது அணு அளவில் கையில் இருக்கின்றன, சனோமெலின் பிணைப்பில் வேறுபாடு காட்டாமல் தூண்டுதலில் மட்டும் காட்டியது எப்படி என்ற கேள்வியும் உங்கள் மேசையில் இருக்கிறது. அதனால் பிணைப்புச் சோதனையை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து துணைவகைகளிலும், ஏற்பி எண்ணிக்கை குறைந்த செல்களில், தூண்டுதல் வளைவுகளை முதல் மாதமே போடத் தொடங்குங்கள்.